எழுத விடாது

விலாவில் இடப்பக்கம் மட்டும் நெருப்பு.
முதுகுத்தண்டில் தொடங்கித்
தொப்புளுக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிட்டது,
அந்தப் பக்கத்துப் பட்டா
வேறு யார் பெயரிலோ இருப்பதுபோல.

கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை எனக்கு.
பட்டா, சிட்டா, வில்லங்கம், சாதிச் சான்று, இறப்புச் சான்று.
பத்தொன்பது வருஷம்.
நகல் என்றால் என்னவென்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை
என்றுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள், சேலை பட்டாலே உயிர் போக,
பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.
டாக்டர் ஜெசிந்தா கேட்டார்:
"சின்ன வயசுல அம்மை போட்டிருந்ததா?"

போட்டிருந்தது. ஒன்பது வயதில்.
வேப்பிலைப் படுக்கை, மூன்று தண்ணீர்.
ஆத்தா இறங்கிவிட்டாள் என்று
செக்கானூரணியில் எங்கள் தெருவுக்கே
பானகம் கொடுத்தார் அப்பா.

இறங்கவில்லையாம்.
நரம்பின் வேரில் ஏதோ ஒரு முடுக்கில்
முப்பத்தெட்டு வருஷம், வாடகை தராமல்.
தூங்கா நகரத்தில்
நன்றாகத் தூங்கியது அது ஒன்றுதான்.

எண்ணூறு மில்லிகிராம்.
ஏழு, பதினொன்று, மூன்று, ஏழு, பதினொன்று.
"இது அதைக் கொன்னுருமா டாக்டர்?"
"கொல்லாது. எழுத விடாது."

என் பின்னால் இருபது பேர்.
இருந்தும் சீட்டைத் திருப்பிப்போட்டு வரைந்தார்.
எழுத்தன் மட்டும் வைரஸின் ஆள்;
தாள், மை, கரண்டு எல்லாம் நம்முடையது.
நம் செல்லுக்குள் உட்கார்ந்து
தன்னையே நகலெடுத்துக்கொண்டிருக்கும்.
(அப்படி ஒருத்தரைத்தான் நான் கட்டிக்கிட்டதே
என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.)

மாத்திரை, அச்சு அசலாய் ஓர் எழுத்து.
அரைத்தூக்கத்தில் வரும்.
நோயில்லாத செல்லில் கண்மூடிக் கிடக்கும்.
நோயுள்ள இடத்திலோ
வைரஸின் வேலையாளே தட்டி எழுப்பி,
நம்ம வீட்டுப் பிள்ளை என்று
முத்திரை குத்தி உள்ளே அனுப்புவான்.
எழுத்தன் எடுத்துக் கோப்பான்.

அதற்குத் துணைக்கால் கிடையாது.
அடுத்த எழுத்து தொற்றிக்கொள்ளக் கொக்கி கிடையாது.
வைத்துப் பார்ப்பான், விழும்.
வைத்துப் பார்ப்பான்,
விழும்.
பாதிச் சொல்லில் வரி நின்றுவிடும்.

"ரெண்டையும் பார்த்துருவோம்" என்று வீரணன்
அன்று சாயங்காலமே
வண்டியில் ஏற்றி விளாச்சேரிக்குக் கொண்டுபோனார்.
வேளார் வீட்டு மூக்கம்மாளுக்கு என் வயதுதான்.
செங்காவி குழைத்து, கோழி இறகால்
புண்ணைச் சுற்றி வேலி போட்டாள்,
வேலிக்கு வெளியே ஒரு சிங்கம்.
"அக்கிக்கு எழுதுறதுதான் வைத்தியம்."

சிரித்துவிட்டேன். விலா பிடித்துக்கொண்டது.
"ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொல்றாக."

"மாத்திரை எண்ணூறா?"
"ஆமா."
"போன வருஷம் எனக்கும் அதான்.
தண்ணி நிறையக் குடி.
மூணு மணி மாத்திரைதான் மறந்துபோகும்,
அலாரம் வச்சுக்க."

சிங்கம் குளிர்ச்சியாக இருந்தது.
அதற்கு மேல் அதைப்பற்றி
நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஐந்தாம் நாள், நேற்றைய கொப்புளங்கள் இருந்தன.
நாளைய கொப்புளங்கள் வரவில்லை.
இந்த மருந்து ஜெயிப்பது அப்படித்தான்:
வராமல் போனதைத்தான் எண்ண வேண்டும்.
அதை யார் எண்ணுகிறார்கள்.

ஏழாம் நாள் கடை திறந்தேன்.
வக்கீல் குமாஸ்தா ஒருவர்
கிரயப் பத்திரம் நாற்பது நகல் கேட்டார்.
இருபத்து மூன்றாவதில்
மெஷின் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது.
வெளியே துருத்திய தாளில்
'மேற்படி சொத்தினை இனிமேல்'
வரை வந்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் கத்தினார்.
நான் மூடியைத் திறக்காமல்
அந்த அரை வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசல் உள்ளே கண்ணாடிக்கு மேல்
கசங்காமல் இருக்கிறது, தெரியும்.
இருக்கட்டும்.

மூன்று மணி அலாரம் அடித்தது.